ரெண்டு மூக்குச் சிங்கம்

இது அது இல்லை. லென்ஸே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஒரு ரூபாய்தான், சிங்கம்தான், ஆனால் இந்தச் சிங்கத்துக்கு ஒரே ஒரு மூக்கு. ஆல்பத்தின் நடுப்பக்கம், நடு உறை, மேலே என் கையெழுத்தில் "இரட்டை அடி" என்று சீட்டு, உள்ளே ஊரில் எவன் சட்டைப்பையிலும் கிடக்கிற சாதா ஒரு ரூபாய், ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பக்கம் மாறியிருக்குமோ. முன்னால் புரட்டுகிறேன், பின்னால் புரட்டுகிறேன். அச்சு விலகிப் பாதி முகத்தோடு வந்த இரண்டு ரூபாய் இருக்கிறது, ஒரு பக்கம் மொட்டையாகவே வந்த ஐம்பது பைசா இருக்கிறது, வருஷம் விழாத கால் ரூபாய் இருக்கிறது, எல்லாம் அதது இடத்தில். அது மட்டும் இல்லை. அந்த உறையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன். பக்கத்து மேஜை மெய்யப்பன் பார்க்கக் கூடாது. காரைக்குடிக்காரன், நல்லவன்தான், ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மண்டபத்துக்கே தெரிந்த மாதிரி. மண்டபம் என்றால் கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து நாணயக் கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், போன கல்யாணத்து ஜிகினாத் தோரணம்கூட அவிழ்க்கவில்லை, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற நாற்காலியில் ஒருத்தன் பழைய நோட்டுக் கட்டுகளைப் பரப்பிவிட்டுப் போண்டா தின்றுகொண்டிருக்கிறான், தின்ற கையோடு நோட்டைத் தொடுகிறான். மற்ற நாளாக இருந்தால் எழுந்து போய்ச் சத்தம் போட்டிருப்பேன். இன்றைக்கு எவன் எதைத் தொட்டால் எனக்கென்ன. வந்திருக்கவே கூடாது. அங்கே கும்பகோணத்தில் பெற்ற பெண் பிரசவ அறையில் கிடக்கிறாள், இங்கே திருச்சியில் அப்பன் சிங்கத்துக்கு மூக்கு எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பதறாதே உலகநாதா. யோசி. பஸ்ஸில் போயிருக்குமோ, தஞ்சாவூர் தாண்டிக் கண் அசந்தேனே, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஏன் அவ்வளவு தூரம் என் பையையே பார்த்துக்கொண்டு வந்தான். சேச்சே, அவன் பாவம் ஜன்னலைப் பார்த்தான். அதுவும் போக, எந்தத் திருடனாவது எடுத்த இடத்தில் வேறொரு ரூபாயை வைத்துவிட்டுப் போவானா. இதை நினைத்த உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் எடுத்ததை எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிற ஒரே ஒரு ஆள் இந்த உலகத்தில் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் அரை டம்ளர் சர்க்கரை வாங்கினால் தலை தட்டித் திருப்பிக் கொடுக்கிறவள். போனைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகு வெட்கமாக இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவளிடம் காசைப் பற்றியா கேட்பது. முதலில் பெண்ணைப் பற்றிக் கேட்போம். "மங்கை எப்படி இருக்கா?" "உள்ளதான் இருக்கா. பிரஷர் கொஞ்சம் ஏறிருக்காம், பாத்துக்கிட்டிருக்காங்க. மாப்பிள்ள இங்கதான் நிக்கிறாரு. நீங்க ஏன் இத்தனவாட்டி கூப்புடுறீங்க, ஒவ்வொரு வாட்டியும் போனு அடிச்சா எனக்கு ஈரக்கொல நடுங்குது." "சரி சரி. சௌந்தரம், என் நீல ஆல்பத்தைத் தொட்டியா?" அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம். "ஒரே ஒரு ரூபா எடுத்தேன். அப்பவே திருப்பி வச்சிட்டேனே." "எதுக்கு எடுத்தே?" "நாலாம் மாசம் ரத்தம் திட்டுத் திட்டாப் பட்டுச்சுன்னு மங்கை விடியக்காலம் போன் பண்ணுனாளே, மறந்துட்டீங்களா. ஆத்தாளுக்கு முடிஞ்சு வைக்க வீட்டுல ஒத்த ரூபா இல்ல. பாலுக்கும் பூவுக்கும் போனத் தேச்சுத் தேச்சே குடுத்துட்டு வர்றீங்க, வீட்டுல சில்லற எங்கேருந்து வரும்? உங்க பொஸ்தகத்துல இருந்துச்சு, எடுத்தேன். மறுநா கடைக்காரர் மீதி குடுத்தாரு, அதே எடத்துல வச்சிட்டேன். ஏன், வைக்கலங்கிறீங்களா?" "வச்சிருக்கே." "அப்பறம் என்ன. ரூபா ரூபாதானே."

ரூபா ரூபாதானே. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதற்குத்தான் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு காசு மாதிரி இன்னொரு காசு கிடையாதுடி, ஒரே அச்சில் அடுத்தடுத்து விழுந்தாலும் கிடையாது, உற்றுப் பார்க்கத் தெரிய வேண்டும். அவள் சிரிப்பாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும் என்பாள். சரி, அது எங்கே இப்போது? கேட்டேன். "உங்க பையிலதான். காலைல மஞ்சத்துணி வைக்கையில சொன்னேனே, காதுல வாங்குனாத்தானே. சேதி வந்த ஒடனே அங்கேருந்தே பஸ் ஏறிச் சமயபுரம் போயி உண்டியல்ல போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் முடிச்ச அவுக்கக் கூடாது. அவுத்தா..." அவள் முடிக்கவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், போன் நின்றுவிட்டது. பைக்குள் கைவிட்டால் தண்ணீர் பாட்டில், துண்டு, தயிர்சாத டப்பா, அதற்கும் அடியில் அது. கோலிக்குண்டு அளவு. மஞ்சளில் நனைத்துக் காய்ந்து விறைத்த துணி, துணிக்குள் வட்டமாக, கெட்டியாக. மஞ்சள் தண்ணீரில் நனைத்திருக்கிறாள். அந்த ஈரத்தோடு முடிந்து இத்தனை மாதமாக உள்ளேயே. நான் அந்தக் காசை ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பேன், முகத்தில் விரல் படவிட்டதே கிடையாது, மழைக்காலத்தில் உறைக்குப் பக்கத்தில் சாக்பீஸ் துண்டு போட்டு வைப்பேன், காசைப் பார்க்கிறபோது வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவேன், எச்சில் ஆவி படக் கூடாது என்று. அதைக் கொண்டுபோய் மஞ்சளில். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கோபம் வருகிறது, யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அவள் மேல் வருகிறது, வந்த உடனே அந்த விடியற்காலம் ஞாபகம் வருகிறது, இருட்டில் அவள் ஒரு ரூபாய்க்காக வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள், அஞ்சறைப் பெட்டி, பீரோ, என் சட்டைப் பைகள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். கொல்லையில் நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசு சேர்க்கிறவன் வீட்டில் சாமிக்கு முடிய ஒரு காசு இல்லை.

தஸ்தகீர் பாய் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். இந்த வருஷப் போட்டி அச்சுப்பிழைக் காசுகளுக்கு, நடுவர் அவர். நாணயச்சாலையில் காசு அடிக்கிற மெஷின் பக்கத்திலேயே காலம் கழித்தவர், காசைப் பார்த்தே இது மெஷின் செய்த தப்பா, வெளியே வந்த பிறகு எவனோ செய்த தப்பா என்று சொல்லிவிடுவார், முட்டி வலியால் இனிமேல் வெளியூர் வருவதாக இல்லை என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். நான் வந்ததே அதற்குத்தான். யானைக்கும் அடி சறுக்கும், அரசாங்க மெஷினுக்கும் சறுக்கும், ஒரு தடவை அடித்த காசு வெளியே விழாமல் துளி நகர்ந்து நின்று மறுபடி அடி வாங்கினால் சிங்கத்துக்கு இரண்டாவது மூக்கு முளைக்கும், அதே மூக்கு, மயிரிழை தள்ளி. என் காசு அப்படிப் பிறந்தது. ஆனால் வாட்ஸப் குழுவில் ஒருத்தன், முகம் தெரியாதவன், "இது பட்டறையில வைஸ்ல வச்சு நசுக்குனது, கும்பகோணத்துக்காரர் கதை விடுறார்" என்று போட்டான். அதிலிருந்து எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பார்க்கிறவன் முதலில் காசைப் பார்ப்பான், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பான். நேராக யாரும் கேட்பதில்லை, கேட்டால் பதில் சொல்லலாம். எத்தனை ராத்திரி இதற்காகத் தூக்கம் கெட்டிருக்கிறேன் என்று சௌந்தரத்துக்குத் தெரியாது, சொன்னால் சிரிப்பாள். பாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாய் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் கையில் அந்தக் காசைக் கொடுக்க வேண்டும், அது இப்போது என் பைக்குள் முடிச்சுக்குள் இருக்கிறது, என் கை முடிச்சின் மேல் இருக்கிறது. அவிழ்த்து எடுத்துத் துடைத்து உறையில் வைத்து, உறையில் இருக்கிற சாதாவை எடுத்துத் துணிக்குள் வைத்து முடிந்தால் ஆயிற்று. மெய்யப்பன் டீ குடிக்கப் போகிற நேரம் போதும். அவளே சொன்னாளே, ரூபா ரூபாதானே. அவள் கணக்கு அது. நான் திருட்டுத்தனம் செய்யவில்லை, அவள் கணக்கையே அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்.

போனைப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. மணி மட்டும் காட்டுகிறது. இந்தக் காசை முதலில் பார்த்ததே மங்கைதான். சின்னப் பிள்ளை, கடையில் உப்பு வாங்கிக்கொண்டு மீதியோடு வந்தாள், நான் கடை மேஜையில் எவருக்கோ கண்ணாடிக் கால் திருகிக்கொண்டிருக்கிறேன். "அப்பா, இந்தச் சிங்கத்துக்கு ரெண்டு மூக்கு" என்றாள். போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். "நெசமாப்பா, ஒண்ணு அழுவுது, ஒண்ணு சிரிக்குது." வாங்கி லென்ஸில் பார்த்தேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, எத்தனை காசு பார்த்தவன், எனக்குத் தெரியாதது அவளுக்கு வெறுங்கண்ணில் தெரிந்திருக்கிறது. மீதியில் ஒரு ரூபாய்க்குக் கமர்கட் வாங்கிக்கொள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்த ரூபாய் அது. எனக்குக் கொடு என்றேன், மாட்டேன் என்று பிடுங்கிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கல்லாவைத் திறந்து வேறொரு ரூபாய் எடுத்து நீட்டினேன். நீட்டின உடனே இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள், ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, மூக்கு எத்தனை என்றுகூடப் பார்க்கவில்லை. அம்மா பெண் இரண்டு பேருக்கும் ரூபாய் என்றால் ரூபாய்தான். எனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டே வந்து உட்காருவாள், ஓரத்தைப் பிடி ஓரத்தைப் பிடி என்பேன், சின்ன விரல், அவ்வளவு கவனமாகப் பிடிப்பாள். போன வருஷம் இரண்டாவது தடவையும் கரு கலைந்த பிறகு வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தாளே, அப்போது ஒரு நாள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "தப்பாப் பொறந்ததெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்களேப்பா" என்றாள். எழுந்து போய் விளக்கைப் போட்டேன், பகலில்.

தஸ்தகீர் பாய் இரண்டாவது வரிசை. ஒரு மேஜையில் குனிந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை அவருக்கு, நல்லது, மெதுவாக வரட்டும். அவிழ்த்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், கோயிலுக்குப் போவேன், வெளியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். பிரஷருக்கு மருந்து இருக்கிறது, டாக்டரம்மா கெட்டிக்காரி, மங்கை பல்லைக் கடித்துத் தாங்குகிற பெண், என் பைக்குள் இருக்கிற துணிக்கும் அவள் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம். சம்பந்தம் இல்லை. இல்லையென்றால் அவிழ்க்க வேண்டியதுதானே. அவிழ்க்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், கை போகவில்லை. முடிச்சுக்குள் எந்த ரூபாய் இருந்தால் என்ன, ஆத்தாள் என்ன லென்ஸ் வைத்தா பார்க்கப் போகிறாள் என்று கேட்டுப் பார்க்கிறேன், கேட்டது நான்தான், கேட்ட வாய்க்கே பதில் வருகிறது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீதானே, ஒரு காசு மாதிரி இன்னொரு காசு கிடையாது என்று. அந்த விடியற்காலத்தில் சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டு, என் பிள்ளையைக் காப்பாத்து என்று சொல்லி முடிந்தது இந்தக் காசை. சாதா ரூபாயை இல்லை. அன்றைக்கு ரத்தம் நின்றது. நின்றது காசாலே என்று நான் சொல்லவில்லை. மாத்திரையாலே என்றுதான் சொல்கிறேன். ஆனாலும் நின்றது, அதற்கப்புறம் ஒரு நாளும் படவில்லை, இது துணிக்குள் இருந்த அத்தனை நாளும் பிள்ளை மங்கை வயிற்றுக்குள் இருந்தது. சௌந்தரம் மாற்றி வைத்திருந்தால் ஒரு தோஷமும் இல்லை, அவளுக்கு இரண்டும் ஒன்று. நான் மாற்றி வைத்தால் தெரிந்தே மாற்றினது. இப்படி மாட்டுவேன் என்று தெரிந்திருந்தால் தபால்தலை சேர்த்திருப்பேன். இருங்கள், இதையும் யோசித்துப் பாருங்கள், சேதி வந்த பிறகு உண்டியலில் போடுவதற்கு முன்னால் மாற்றினால்? அப்போது பிள்ளை பிறந்தாகியிருக்கும், பயமில்லை. பயமில்லையா? பிள்ளை வளர வேண்டாமா, காய்ச்சல் வராதா, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் இந்த மண்டபத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே. போடாவிட்டால் அப்படி, போட்டால் இப்படி. உண்டியலில் விழுந்த காசு எங்கே போகும், கொட்டி எண்ணிச் சாக்கில் கட்டி பாங்குக்குப் போகும், பாங்கிலிருந்து எந்த மளிகைக் கடைக்கோ போகும், எவனோ ஒருத்தன் ஷாம்பு பாக்கெட் வாங்கிவிட்டு மூக்கைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போவான். நெஞ்சு எரிகிறது எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், எரிகிறது. பெண் உள்ளே கிடக்கிறபோது காசுக்காக நெஞ்சு எரிகிறதே, நீ எல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டால், ஆமாம், அப்பன்தான், இரண்டும் ஒரே நெஞ்சில்தான் எரிகிறது.

போன் அடிக்கிறது. அடிக்கிறது. கை பைக்குள் மாட்டிக்கொண்டது, இழுத்தால் துண்டு வருகிறது, தயிர்சாத டப்பா உருளுகிறது, மெய்யப்பன் திரும்பிப் பார்க்கிறான், எடுத்துக் காதில் வைத்து "சொல்லு" என்கிறேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல இருக்கிறது. "வணக்கம் சார், பர்சனல் லோன் ஏதாவது தேவைப்படுதுங்களா சார்?" ஒரு சின்னப் பெண்ணின் குரல். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன், ஆனால் அது மங்கை வயசு இருக்கும், எங்கேயோ உட்கார்ந்து நாளெல்லாம் திட்டு வாங்குகிற பிள்ளை. "வேணாம்மா" என்று வைத்துவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பார்க்கிறேன், இடது கையில் மஞ்சள். முடிச்சும் கையோடு வெளியே வந்திருக்கிறது, மடியில் கிடக்கிறது, இரட்டை முடிச்சு போட்டிருக்கிறாள் சௌந்தரம், மேல் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. நான் அவிழ்க்கவில்லை. சத்தியமாக நான் அவிழ்க்கவில்லை, நான் யோசித்துக்கொண்டிருந்தேன், விரல் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. இத்தனை வருஷம் திருகாணி அவிழ்த்துப் பழகின விரல். இதை அவிழ்த்ததாகக் கணக்கா, பாதியென்று கணக்கா. யாரிடம் கேட்பது. போன் அடித்தது இது அவிழ்ந்த நேரத்திலா, அதற்கு அப்புறமா. அடேய், லோன்காரிக்கும் ஆத்தாளுக்கும் முடிச்சுப் போடாதே, பைத்தியம் பிடித்துவிடும். அங்கே என்ன ஆயிற்று, ஏன் இன்னும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். கூப்பிடாவிட்டால் எனக்கு. துணியின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன், இழுத்து முடிந்தேன், அதற்கு மேல் ஒன்று முடிந்தேன், பல்லால் கடித்து இறுக்கினேன், நாக்கில் மஞ்சள் கசக்கிறது. "என்னண்ணே, பல்லு வலியா?" என்கிறான் மெய்யப்பன். "ஆமாப்பா." முடிச்சை வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். இனி இந்தக் கை திறக்காது. திறக்கக் கூடாது.

"உலகநாதன் சாரா?" பாய் வந்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, அந்தக் கால் திருக வேண்டும், பழக்க தோஷம், அதைத்தான் முதலில் பார்த்தேன். பின்னாலேயே நாலைந்து பேர், மெய்யப்பனும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். "பாய், அண்ணன் காசுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். ரெண்டு மூக்குன்னாத் தமிழ்நாடு பூரா தெரியும்." பாய் சிரித்துக்கொண்டே குனிந்தார். உறைக்குள் கிடந்த காசை ஓரத்தைப் பிடித்து எடுத்தார், என்ன அழகான பிடி, அப்படியொரு கையில் அதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினார். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுகிறார். திருப்பினார், வெளிச்சத்துக்குச் சாய்த்தார், மறுபடி திருப்பினார். மனுஷன் தப்பு தன் கண்ணில் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பாய், அதுல ஒண்ணும் இல்ல" என்றேன். "என்ன சார்?" "அது சாதா ஒரு ரூபா." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சீட்டுல இரட்டை அடின்னு போட்டிருக்கீங்களே சார்." "சீட்டு சரிதான் பாய். காசுதான் வேற." "அந்தக் காசு எங்க இருக்கு?" என் கைக்குள். இதோ, உங்கள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, என் உள்ளங்கைக்குள் வட்டமாக அழுத்திக்கொண்டு இருக்கிறது. சொல்ல நினைத்தேன். முடிஞ்சு வச்சிருக்கு பாய், அவுக்கக் கூடாதாம் என்று சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார், அவரும் பெண் பிள்ளை பெற்றவர்தான். ஆனால் மற்றவன்கள் கேட்பான்களே, சரி, வெளியிலிருந்தாவது தொட்டுப் பார்க்கிறோம் என்று, கை நீளும், நான் கொடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். "குடுத்திட்டேன்" என்றேன். "வித்திட்டீங்களா?" "இல்ல. குடுத்திட்டேன்." பாய் என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நடுவர் வர்ற அன்னிக்குன்னு பாத்துக் காசு காணாமப் போச்சு பாரு என்கிற பார்வை. காதெல்லாம் சூடாக இருக்கிறது. பாய் அந்தச் சாதா ரூபாயைத் திரும்ப உறைக்குள் வைத்தார், அதையும் ஓரத்தைப் பிடித்தே வைத்தார், "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். மெய்யப்பன் மட்டும் நின்றான். "ஏண்ணே, என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. மானம் போச்சேண்ணே." போச்சுதான். எவனோ பட்டறையில் நசுக்கினது என்று எழுதினானே, அவன் ஜெயித்துவிட்டான், இந்த நேரம் குழுவில் போட்டிருப்பான்கள். போடட்டும். போடட்டும் என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது, இடது கை குழுவைத் திறந்து பார்க்கப் போனை எடுத்துத் திருப்பி வைக்கிறது. இவ்வளவையும் கொடுத்தாகிவிட்டது, இன்னும் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. காசு போனது, பேர் போனது, இனி ஆத்தாள் கேட்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது.

போன் அடித்தபோது எடுக்கவில்லை. பெயரைப் பார்த்தேன், சௌந்தரம் என்று இருக்கிறது, எடுக்கவில்லை, எடுக்காத வரை ஒன்றும் நடக்கவில்லை. மெய்யப்பன்தான், "அண்ணே, போனு" என்றான். இடது கையால் எடுத்தேன். "எங்க இருக்கீங்க?" "மண்டபத்துல." "இன்னுமா பஸ் ஏறல?" எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பஸ் எதற்கு. பஸ். சேதி வந்த உடனே பஸ். அடிப்பாவி, முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லேன். "மங்கை..." என்றேன். "ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க, கண்ணு முழிச்சிட்டா. தண்ணி கேட்டா, குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, பஞ்சால ஒதட்டத் தொடச்சு விட்டேன். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பேத்தி பொறந்திருக்கா. இப்பத்தான் கையில குடுத்தாங்க. மூக்கு இருக்கே, அச்சு அசல் உங்க மூக்கு." பிறந்து கண்ணே திறந்திருக்காது, அதற்குள் மூக்கு என்ன தெரியும் இவளுக்கு, கிட்டப் பார்வை வேறு, கண்ணாடி போட்டிருக்கிறாளோ இல்லையோ. "சரியாப் பாத்தியா?" என்று கேட்டேன். "பாத்துக்கிட்டேதான் பேசுறேன். நீங்க கெளம்புங்க. முடிச்சு பத்திரமா இருக்குல்ல?" "இருக்கு." "அவுக்கலயே?" "இல்ல." வைத்துவிட்டாள். அழுகை வருகிறது, மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டு, எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் பேத்திக்குப் பாதி, காசுக்குப் பாதி என்றுதான் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லமாட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "அண்ணே, ஆல்பம்" என்கிறான் மெய்யப்பன். "நீ பாத்துக்க. சமயபுரம் போயிட்டு வர்றேன்." "இப்ப என்னண்ணே சமயபுரம்?" வாசல் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், கண்காட்சி பார்க்க வந்த யாரோ ஒருத்தர் என் மேஜையில் குனிந்து, சீட்டைப் படித்துவிட்டு, அந்தச் சாதா ரூபாயில் இரண்டாவது மூக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும். வெயில் கண்ணைக் கூசுகிறது. வலது கையைத் திறக்கப் பார்த்தேன், மடங்கின விரல் மடங்கினபடியே விறைத்துக் கிடக்கிறது, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கை முழுக்க மஞ்சள், துணி வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது, முடிச்சு அப்படியே இருக்கிறது. எதிரே வந்தவரிடம் சமயபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.